உறுப்பினர் அட்டை உண்டு, வாக்கு இல்லை

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் மூன்று கட்சிகளின் உறுப்பினர் அட்டைகள் இருக்கின்றன. ஒன்று அவருடைய அண்ணன் மகன் வற்புறுத்திச் சேர்த்தது. இன்னொன்று வார்டு நிர்வாகி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. மூன்றாவது, செல்பேசியில் வந்த ஓர் அழைப்பை ஏற்றதால் வந்து சேர்ந்தது. “இந்த மூன்று கட்சிகளில் ஏதாவது ஒன்று, நம் தொகுதிக்கு யாரை நிறுத்தலாம் என்று உங்களைக் கேட்டதுண்டா?” என்று ஒருநாள் வினவினேன். அவர் சிரித்துக்கொண்டே, “நம்மள யாரு சார் கேக்குறாங்க? அதெல்லாம் மேலிடம் பாத்துக்கும்” என்றார்.

அந்தப் பதிலில் கசப்பே இல்லை என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் திண்டிவனம் தொகுதியின் வெற்றி 101 வாக்குகளில் முடிவாயிற்று. 2024 ஜூலையில் நடந்த விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வாக்களிப்பதில் இவ்வளவு ஊக்கமுள்ள ஒரு மாவட்டத்தில், வாக்குப்பதிவு இயந்திரத்தில் யாருடைய பெயர் இடம்பெற வேண்டும் என்ற கேள்வியில் மட்டும் வாக்காளருக்கும் பங்கில்லை, கட்சியின் உறுப்பினருக்கும் பங்கில்லை. கட்சி உறுப்பினராகப் பதிவு செய்துகொள்வது வேட்பாளர் தேர்வில் மக்களின் பங்கேற்பைக் கூட்டுமா? கூட்டும் என்றால் எந்த நிபந்தனைகளின் பேரில்? பிற நாடுகளின் அனுபவத்தையும், நாம் மறந்துவிட்ட நம் சொந்த வரலாற்றையும் வைத்து இதைப் பார்க்கலாம்.

அமெரிக்கப் பட்டியல் முறை

பொதுத் தேர்தலுக்கு முன்னர், ஒரு கட்சியின் சார்பில் போட்டியிடுபவர் யார் என்பதை வாக்களித்தே தீர்மானிக்கும் ஏற்பாட்டை முதனிலைத் தேர்தல் என்கிறோம். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் இதைச் சட்டமாக்கின. கட்சிப் பெருந்தலைகள் மூடிய அறைக்குள் வேட்பாளரை முடிவு செய்த வழக்கத்தை உடைப்பதே அதன் நோக்கம்.

அங்கே சுமார் 30 மாநிலங்களில், வாக்காளராகப் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சியைச் சார்ந்தவர் என்பதையும் குறிப்பிடலாம். அந்தத் தகவல் அரசின் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெறும். சில மாநிலங்களில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தோர் மட்டுமே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க முடியும். இது மூடிய முறை. டெக்சாஸ், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது. வாக்காளர் தாம் விரும்பிய ஒரு கட்சியின் தேர்தலில் பங்கேற்கலாம். இது திறந்த முறை. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள், எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவரையும் ஏதேனும் ஒரு கட்சியின் தேர்தலில் அனுமதிக்கின்றன.

பதிவு முறை பங்கேற்பை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு 2016 நியூயார்க் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. அம்மாநிலத்தின் அதிபர் முதனிலைத் தேர்தல் ஏப்ரல் 19 அன்று நடந்தது. ஏற்கெனவே பதிவு பெற்ற வாக்காளர் தம் கட்சியை மாற்றிக்கொள்ள விரும்பினால், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2015 அக்டோபர் 9க்குள், விண்ணப்பித்திருக்க வேண்டும். போட்டி சூடு பிடிக்கும் முன்னரே கதவு மூடப்பட்டுவிட்டது. வேட்பாளர்களுள் ஒருவரான டொனால்ட் டிரம்பின் மகளும் மகனுமே உரிய காலத்தில் குடியரசுக் கட்சியில் பதிவு செய்யாததால் தந்தைக்கு வாக்களிக்க இயலவில்லை. அந்தக் கெடு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, கெடு பிப்ரவரி நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது.

பொருளியல் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாக்களிப்பதற்கு ஒரு செலவு உண்டு: நேரம், பயணம், இழக்கும் கூலி. கட்சிப் பதிவு அந்தச் செலவோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. அதையும் பலன் என்ன என்று தெரியாத காலத்திலேயே முன்கூட்டிச் செலுத்தச் சொல்கிறது. அரசியலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர் அதைச் செலுத்துவார். மற்றவர் ஒதுங்கிக்கொள்வார். ஆகவே பதிவு செய்தோரிடையே வாக்களிப்பு விகிதம் கூடுதலாகவும், மொத்த மக்கள்தொகையில் அவர்களின் பங்கு குறைவாகவும் இருப்பது இயல்பு.

இதற்கு எதிர்த்திசையில் செயல்படும் ஒரு விளைவும் உண்டு. தன் ஆதரவாளர் யார் என்று பட்டியல் வழியே அறிந்த கட்சி, அவர்களைத் தேடிச் சென்று அழைக்கிறது. அழைக்கப்பட்டவர் வாக்குச்சாவடிக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஒரே கட்சி ஆதிக்கம் செலுத்தும் பகுதிகளில், கொள்கை வேறுபாடு உள்ளவர்கள்கூட அந்தக் கட்சியில் பதிவு செய்துகொள்கிறார்கள். ஏனெனில் உண்மையான போட்டி அதன் உள்ளேதான் நடக்கிறது.

திறந்த முறை வந்தால் மட்டும் மக்கள் திரண்டுவிடுவதில்லை. 2016இல் அதிபர் முதனிலைத் தேர்தல்களில் இரு கட்சிகளுக்கும் சேர்த்து, தகுதியுடையோரில் 28.5 விழுக்காட்டினரே வாக்களித்தனர் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. நாட்டிலேயே முதலாவதாகவும் கடும் போட்டியோடும் நடந்த நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். எளிதான பதிவு வழியைத் திறந்து வைக்கிறது. தன் வாக்கு முடிவை மாற்றும் என்ற நம்பிக்கைதான் மக்களை அந்த வழியே நடக்கச் செய்கிறது.

பட்டியலை யார் வைத்திருக்கிறார்?

அமெரிக்க வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி பல்லாண்டுகள் அசைக்க முடியாத வலிமையோடு இருந்தது. அதன் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வார். அந்தக் கட்சி, தன் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதி வகுத்தது. கட்சி ஒரு தனியார் சங்கம், உறுப்பினரை முடிவு செய்வது அதன் உரிமை என்ற வாதத்தை 1935இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 1944இல்தான் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பணி மக்களாட்சியின் ஒரு பகுதி, அதில் இனப் பாகுபாடு செல்லாது என்று நீதிமன்றம் கூறியது.

உறுப்பினர் பட்டியலை யார் எழுதுகிறார், யாரை விலக்குகிறார் என்பது ஒரு கட்சியின் வீட்டு விவகாரமாக மட்டும் இருக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே இந்தியாவில், இதே கேள்வியைச் சுற்றி ஒரு முதனிலைத் தேர்தல் முறை எழுதப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியார்.

நாம் மறந்த முதனிலைத் தேர்தல்

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை, தனித்தொகுதி கோரிக்கைக்கும் காந்தியடிகளின் உண்ணாநோன்புக்கும் இடையே ஏற்பட்ட சமரசமாகப் படிக்கிறோம். அதில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரும் அதில் கையொப்பமிட்டவர்கள்.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளே ஒரு முதனிலைத் தேர்தல் இருந்தது. ஒதுக்கப்பட்ட தொகுதியின் பொது வாக்காளர் பட்டியலில் உள்ள ஒடுக்கப்பட்ட வகுப்பார் மட்டும் முதலில் தனியே வாக்களிப்பார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. அதில் முன்னிலை பெறும் நால்வர் மட்டுமே இறுதித் தேர்தலில் நிற்கலாம். இறுதியில் எல்லா வாக்காளரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் இந்த முறை முடிவுக்கு வரும் என்றும் எழுதப்பட்டிருந்தது. 1937 மாகாணத் தேர்தலிலும் அதற்கடுத்த 1945-46 தேர்தலிலும் இது நடைமுறையில் இருந்தது.

இதில் வாக்களிக்கும் தகுதியை அளித்தது அரசு வைத்திருந்த பட்டியல். கட்சிச் சார்பு அங்கே கேட்கப்படவில்லை, சமூகம் மட்டுமே பார்க்கப்பட்டது. எனினும் அமைப்பின் தருக்கம் ஒன்றே. யார் நிற்பது என்பதை, அந்தப் பிரதிநிதித்துவம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே முதலில் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

நடைமுறையில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. நான்குக்கு மேற்பட்டோர் மனு செய்யாத தொகுதிகளில் முதனிலைத் தேர்தல் தேவைப்படவே இல்லை. அங்கெல்லாம் அந்த உரிமை காகிதத்தோடு நின்றது. இரண்டாவது குறையை அம்பேத்கர் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். முதனிலைத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராதரவோடு முதலிடம் பெற்றவர், இறுதித் தேர்தலில் பெரும்பான்மைச் சமூகங்களின் வாக்குகளால் தோற்கடிக்கப்படலாம். நால்வரில் கடைசியாக வந்தவர் வென்றுவிடலாம். முதனிலையில் பங்கேற்பதன் பயன் அவ்வாறு கரையும்போது, அதில் பங்கேற்கும் ஆர்வமும் கரையும்.

குடியரசு அரசமைப்பில் கூட்டுத்தொகுதியும் இட ஒதுக்கீடும் நிலைத்தன. முதனிலைத் தேர்தல் இடம்பெறவில்லை. இன்று விழுப்புரம் மாவட்டத்தின் ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளில் திண்டிவனமும் வானூரும் தனித்தொகுதிகள். விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. இத்தொகுதிகளில் நிற்கும் தலித் வேட்பாளர் யார் என்பதை 1937இல் தலித் வாக்காளர்கள் சொல்ல வழியிருந்தது. இன்று கட்சித் தலைமைகள் சொல்கின்றன.

நாலணா உறுப்பினர் காலம்

கட்சிக்குள் வாக்களிக்கும் பழக்கம் நமக்கு அந்நியமானதன்று. 1920 நாக்பூர் மாநாட்டுக்குப் பின் காங்கிரஸ், நாலணா சந்தாவோடு கிராமம் வரை உறுப்பினர்களைச் சேர்த்தது. அந்த உறுப்பினர்களின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 1939இல் தலைவர் பதவிக்கு வாக்களித்தபோது, காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 1,377க்கு 1,580 என்ற கணக்கில் சுபாஷ் சந்திர போஸ் வென்றார். கட்சியின் பேராளுமை ஒருவரின் விருப்பத்துக்கு எதிராக வாக்களிக்க முடிந்தது. அந்த வெற்றி நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

நம் பகுதிக்காரரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், 1949இல் பதவி விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் பெரும்பான்மையைப் பொறுத்தே நிகழ்ந்தன. 1954இல் காமராஜர் சி. சுப்பிரமணியத்தை 93க்கு 41 என்ற வாக்குகளில் வென்று சட்டமன்றக் கட்சித் தலைவரானார். தோற்றவரை அமைச்சரவையிலும் சேர்த்துக்கொண்டார். போட்டி பகையாக முடிய வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

கட்சிக்குள் குரல் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதையும் தென்னார்க்காடு காட்டியிருக்கிறது. தம் சமூகத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று கருதியோர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தலைமையில் உழைப்பாளர் கட்சி கண்டு, 1952 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களைப் பெற்றனர். உள்ளே பேச இயலாதவர் வெளியேறிப் பேசுவார்.

இன்றைய எண்ணிக்கைகள்

இன்று கட்சிகள் கோடிக்கணக்கில் உறுப்பினர்களைக் கணக்குக் காட்டுகின்றன. 2015இல் பாரதிய ஜனதா, செல்பேசியில் ஒரு தவறிய அழைப்புக் கொடுத்தாலே உறுப்பினராகலாம் என்று அறிவித்து, பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்ததாகக் கூறியது. 2024இல் தமிழக வெற்றிக் கழகம் செயலி வழியே உறுப்பினர்களைச் சேர்த்தது. 2025இல் திமுக ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்ற பெயரில் வீடு வீடாகச் சென்றது. சேர்வதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. சேர்ந்தவருக்குக் கிடைக்கும் உரிமையும் அதே அளவில்தான் இருக்கிறது.

அதிமுகவை எடுத்துக்கொள்வோம். 1972இல் எம்.ஜி.ஆர். கட்சியைத் தொடங்கியபோது, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. ஒரு நபருக்கு ஒரு வாக்கு என்ற அளவில், இந்தியக் கட்சிகளில் காண்பதற்கரிய விதி அது. ஆனால் 2021 டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் தேர்தலும், 2023 மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தலும் போட்டியின்றி முடிந்தன. 2022 ஜூலையில் திருத்தப்பட்ட விதிப்படி, போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். வாக்குரிமை எல்லோருக்கும் இருக்கிறது. வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர் வரும் வழி மிகக் குறுகியது.

திமுகவில் கிளையில் தொடங்கிப் பொதுக்குழு வரை படிப்படியாகத் தேர்தல் நடக்கிறது. தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. 2022 அக்டோபரில் அதுவும் போட்டியின்றியே முடிந்தது. பாமகவில் 2025இல் நிறுவனருக்கும் அவர் மகனுக்கும் இடையே பிளவு ஏற்பட்டபோது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தரப்பு மாமல்லபுரத்திலும் மறு தரப்பு பட்டானூரிலும் பொதுக்குழுவைக் கூட்டின. தைலாபுரம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தக் கட்சியின் அட்டையை வைத்திருக்கும் எளிய தொண்டரை எந்தத் தரப்பும் வாக்குச்சீட்டோடு அணுகவில்லை.

காங்கிரஸ் 2022 அக்டோபரில் தலைவர் தேர்தலை வாக்குப்பதிவின் மூலம் நடத்தியது பாராட்டுக்குரியது. மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். பதிவானவை மொத்தம் 9,385. கோடிக்கணக்கான உறுப்பினர் கொண்ட கட்சியில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. வாக்காளர்களாகிய பிரதிநிதிகளின் பட்டியல் முழு விவரங்களோடு கிடைக்கவில்லை என்று தரூர் தரப்பு குறைகூறியது. பட்டியல் யார் கையில் என்ற கேள்வி இங்கும் வந்து நிற்கிறது.

இரண்டு சோதனைகள்

வேட்பாளர் தேர்விலேயே வாக்கெடுப்பு நடத்தும் முயற்சிகளும் நம் நாட்டில் நடந்துள்ளன. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் ஏறத்தாழ பதினைந்து தொகுதிகளில் முதனிலைத் தேர்தல் நடத்தியது. வாக்களித்தவர்கள் எல்லா உறுப்பினரும் அல்லர், வெவ்வேறு நிலைகளில் உள்ள கட்சி நிர்வாகிகளே. வதோதராவில் நரேந்திர ராவத் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார். நரேந்திர மோடி அங்கே போட்டியிடுகிறார் என்றதும் அவர் விலகி, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 44 இடங்களுக்குச் சுருங்கியது. சோதனையும் அதோடு கைவிடப்பட்டது. முடிவு மாற்றப்படும் என்றால் அடுத்த முறை வாக்களிக்க யார் வருவார்?

மற்றொன்று, 2022 ஜனவரியில் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி நடத்தியது. முதல்வர் வேட்பாளர் யார் என்று மக்கள் தொலைபேசியில் சொல்லலாம் என அறிவித்தது. 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன என்றும், அவற்றில் 93 விழுக்காடு பகவந்த் மானுக்கு என்றும் கட்சி கூறியது. பங்கேற்பின் அளவில் இது முதல் சோதனையை வெகுவாக விஞ்சியது. உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதே காரணம். ஆனால் அழைத்தவர் வாக்காளர்தானா, ஒருவரே பலமுறை அழைத்தாரா என்று வெளியார் சரிபார்க்க வழியில்லை. முதல் சோதனையில் பட்டியல் மிகக் குறுகியது. இரண்டாவதில் பட்டியலே இல்லை.

பிரிட்டன் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அனுபவத்தைத் தருகிறது. 2015இல் தொழிற்கட்சி மூன்று பவுண்டு செலுத்தியவருக்கும் தலைவர் தேர்தலில் வாக்களித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், வாக்களிப்பு 76 விழுக்காட்டைத் தாண்டியது. குறைந்த கட்டணமும் உறுதியான வாக்குரிமையும் சேர்ந்தால் மக்கள் வருகிறார்கள். அதன் எல்லையும் விரைவில் தெரிந்தது. 2022இல் கன்சர்வேடிவ் கட்சியின் சுமார் 1.72 லட்சம் உறுப்பினர்கள் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தனர். தம் சக எம்.பி.க்களின் பெரும்பான்மை ஆதரவு இல்லாத அவர் ஐம்பது நாட்கள்கூடப் பதவியில் நீடிக்கவில்லை. உறுப்பினர்களின் விருப்பம் நாட்டு மக்களின் விருப்பமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, கட்சிகள் பதிவு பெறும்போது அரசமைப்புக்கும் மக்களாட்சிக்கும் கட்டுப்படுவதாக உறுதியளிக்கச் சொல்கிறது. உட்கட்சித் தேர்தலைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடத்த வேண்டும் என்று தேர்தல் ஆணையம் எதிர்பார்க்கிறது. ஆனால் அதை மீறும் கட்சியின் பதிவை நீக்கும் பொது அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உட்கட்சி மக்களாட்சியைச் சட்டமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையிலும், 2015இல் 255ஆவது அறிக்கையிலும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. ஜெர்மனியிலோ, வேட்பாளர்களை உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ இரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தேர்தல் சட்டத்தின் கட்டளை.

இங்கே வேட்பாளர் யார் என்பதைக் கடைசியாக முடிவு செய்வது ஒரு தாள். கட்சித் தலைமை அதிகாரம் அளித்தவர் கையொப்பமிட்ட ‘பி’ படிவம், மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரிடம் வந்து சேர்ந்தால் சின்னம் கிடைக்கும். விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் எல்லாம் அதற்கு முன் நடக்கும் சடங்குகள். அந்தத் தாளின் பின்னால் உறுப்பினர்களின் ஒப்புதல் இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

அமெரிக்காவைப் போல அரசின் வாக்காளர் பட்டியலிலேயே கட்சியைக் குறிப்பதை நான் ஆதரிக்கவில்லை. நூறு நாள் வேலைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் உள்ளூர் நிர்வாகிகளைச் சார்ந்திருக்கும் கிராமத்தில், ஒருவர் எந்தக் கட்சி என்பது அரசுக் கோப்பில் பதிவாவது ஆபத்தானது. சாதி மோதல்களைக் கண்ட நம் மாவட்டத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில், உறுப்பினர் சேர்க்கையின்போது ஓடிபி எண் கேட்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், தனிநபர் தகவல் பற்றிய இத்தகைய அச்சத்தின் வெளிப்பாடே.

பட்டியல் கட்சியிடமே இருக்கட்டும். அது சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல், வேறு கட்சியில் உறுப்பினர் இல்லை என்ற உறுதிமொழி, முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஒரு நாளில் பட்டியலை முடித்தல், தம் கிளையின் பட்டியலைப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை ஆகிய நான்கும் போதும். வாக்காளர் பட்டியலுக்கு வரைவு, ஆட்சேபம், இறுதி வெளியீடு என்று நாம் பழகியவையே இவை. காங்கிரஸின் இளைஞர் அமைப்புத் தேர்தல்களில் தேர்தல் ஆணையத்தின் முன்னாள் அதிகாரிகள் மேற்பார்வை செய்த முன்னுதாரணமும் இருக்கிறது.

அடுத்து, உறுப்பினருக்கு ஒரு வாக்கு வேண்டும். பூனா ஒப்பந்தத்திலிருந்து ஒரு பாடத்தை இங்கே கடன் வாங்கலாம். ஒரு தொகுதியில் கட்சி போட்டியிடுவதானால், விருப்ப மனு அளித்தவர்களிலிருந்து மூவர் கொண்ட ஒரு பட்டியலை உறுப்பினர்கள் இரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கட்டும். அந்த மூவரில் ஒருவரைத் தலைமை முடிவு செய்யட்டும். கூட்டணிக் கணக்கு, சமூகச் சமநிலை, வெற்றி வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கத் தலைமைக்கு இடமிருக்கும். வெளியூரிலிருந்து ஒருவரைக் கடைசி நாளில் கொண்டுவந்து இறக்க இடமிருக்காது. தனித்தொகுதிகளில் இந்த மூவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சியின் தலித் உறுப்பினர்களுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பணம் விளையாடும், மொத்தமாக ஆட்களைச் சேர்ப்பார்கள், தோற்றவர் உள்ளடி வேலை செய்வார் என்ற ஆட்சேபங்களை நான் அறிவேன். இளைஞர் காங்கிரஸ் தேர்தல்களிலேயே தலைவர்கள் தம் ஆட்களுக்காகச் சந்தா கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குறைந்தது ஓராண்டு உறுப்பினராக இருந்தவரே வாக்களிக்கலாம் என்ற விதி மொத்தச் சேர்க்கையைத் தடுக்கும். அதே விதி நியூயார்க்கில் நடந்ததைப் போல உண்மையான ஆர்வலரையும் வெளியே நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு கெடுவை வைக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் என்பது நியாயமாகத் தோன்றுகிறது, தேதியைப் போதிய விளம்பரத்தோடு அறிவித்தால். பணமோ இப்போதும் விளையாடத்தான் செய்கிறது. ஒரு சிலரைத் திருப்திப்படுத்துவதைவிடச் சில ஆயிரம் பேரைத் திருப்திப்படுத்துவது கடினம்.

கட்சிகள் தாமாக இதைச் செய்யுமா? வருமான வரிச் சட்டத்தின்படி கட்சிகளின் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. மக்கள் தரும் அந்தச் சலுகைக்கு மக்கள் ஒரு நிபந்தனை விதிப்பதில் தவறில்லை. கணக்குத் தணிக்கையைக் கேட்பது போல, உறுப்பினர் பட்டியலின் தணிக்கையையும் வேட்பாளர் வாக்கெடுப்பின் சான்றிதழையும் கேட்கலாம்.

2016இல் திண்டிவனத்தின் முடிவை மாற்ற 101 பேர் போதுமாயிருந்தனர். இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் யார் என்பதை அதற்குச் சில வாரங்கள் முன்பு முடிவு செய்தவர்கள் அந்த 101ஐ விட மிகச் சிலர். தேநீர்க் கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் உள்ள மூன்று அட்டைகளில் ஒன்றுக்காவது ஒரு வாக்கு கிடைக்கும் நாளில், மற்ற இரண்டை அவரே எடுத்து வெளியே போட்டுவிடுவார்.